டெர்மினல் மெனு கட்டுறீங்களா? கமாண்டை மறைக்காதீங்க, காட்டுங்க

ராத்திரி ரெண்டு மணிக்கு போன்ல ஒருத்தருக்கு கமாண்டை எழுத்து எழுத்தா சொல்லி அடிக்க வைக்கிறது ரொம்ப கஷ்டமான வேலை. ஸ்பேஸ் விடுங்கன்னா எத்தனைன்னு கேப்பாங்க, மைனஸ்னு சொன்னா அண்டர்ஸ்கோர் விழும், சின்ன எழுத்தா பெரிய எழுத்தான்னு ஒரு குழப்பம், கடைசில என்டர் தட்டினதும் ஸ்கிரீன்ல என்ன வந்துச்சுன்னு அவங்க படிச்சுக் காட்டுறது நமக்குப் புடிபடாது. நான் பார்த்துக்கிற சர்வர் ஒண்ணு ஒரு ஆஃப்செட் பிரஸ்ல ஓடுது. பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு டவர் கம்ப்யூட்டர், அதுல டெபியன்ங்கிற லினக்ஸ், டிசைன் பசங்களோட ஃபைல் எல்லாம் ஃபைலைப் பகிர்ற சாம்பா வழியா, ஆபீஸ் பிரிண்டரும் ப்ரூஃப் எடுக்குற பிரிண்டரும் பிரிண்ட் வேலையைப் பார்த்துக்கிற கப்ஸ் வழியா, ராத்திரி ஒரு பேக்கப். பகல்ல ஏதாவது நின்னா நானே எஸ்எஸ்ஹெச்ல (தூரத்துல இருந்து கமாண்ட் அடிக்கிற வழி) உள்ள போய் சரி பண்ணிடுவேன், ராத்திரி ஷிப்ட்ல இருக்கிற அண்ணனுக்கு அந்த கருப்பு ஸ்கிரீனைத் தொடவே தயக்கம். அவருக்காகத்தான் ஒரு டெக்ஸ்ட் மெனு கட்டினேன். அம்புக்குறியில மேல கீழ போய், என்டர் தட்டினா வேலை நடக்கணும், அவ்வளவுதான் நினைச்சது. கட்டினதுக்கப்புறம் அதுல இவ்வளவு விஷயம் இருக்கான்னு ஆயிடுச்சு, அதனாலதான் எழுதுறேன், வேற யாராவது இதே மாதிரி ஒரு கடைக்கோ ஸ்கூலுக்கோ லேபுக்கோ சர்வர் பார்த்துக்கிறவங்களுக்கு உதவும்.

வெப் பேனல் போட்டுட்டுப் போகலாமேன்னு நிறைய பேர் சொன்னாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. வெப் பேனல்னா அதுவே இன்னொரு சர்வீஸ், அதுக்கு ஒரு போர்ட், ஒரு பாஸ்வேர்ட், அப்பப்ப அப்டேட், அது நின்னு போனா அதை யார் பார்க்கிறது. டெக்ஸ்ட் மெனு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கமாண்டை வரிசையா எழுதி வச்ச ஒரு ஃபைல், சர்வரோட சொருகியிருக்கிற மானிட்டர்லயும் வரும், எஸ்எஸ்ஹெச்லயும் வரும், போன்ல டெர்மக்ஸ்ங்கிற டெர்மினல் ஆப் போட்டாலும் வரும், லைன் எவ்வளவு ஸ்லோவா இருந்தாலும் வரும். டிஸ்க் ஃபுல்லாகி வெப் சர்வர் படுத்திருக்கிற நேரத்துலதான் நமக்கு மெனு தேவைப்படுது, அந்த நேரத்துல அது எழுந்து நிக்கணும்.

முதல்ல செஞ்ச நல்ல காரியம், எந்த டூல்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி அந்த அண்ணன் கூட உக்காந்ததுதான். "அண்ணே, எனக்கு போன் பண்றப்ப என்ன ஆச்சுன்னு எப்படி சொல்லுவீங்க"ன்னு கேட்டேன். "தம்பி, பிரிண்டு குடுத்தா வர மாட்டேங்குதுன்னு சொல்லுவேன், ஃபோல்டர் தொறக்கலைம்பேன், இடம் இல்லேங்குதும்பேன், வேற என்ன சொல்லப் போறேன்"ன்னாரு. அந்த மூணு வாக்கியமும் அப்படியே மெனுவுல மூணு வரியாச்சு. நாமளா எழுதியிருந்தா கப்ஸ் ரீஸ்டார்ட், சாம்பா ரீஸ்டார்ட், டிஸ்க் யூசேஜ்னு எழுதியிருப்போம், அது நமக்குத்தான் புரியும், பிரிண்ட் நின்னு போன பதட்டத்துல இருக்கிறவருக்கு கப்ஸ்னா என்னன்னு தேடத் தோணாது. மெனு வரியில இருக்க வேண்டியது நோவோட பேரு, மருந்தோட பேரு இல்ல.

அந்த பிரிண்ட் வரிக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு சொல்றேன். கப்ஸ்ல ஒவ்வொரு பிரிண்டருக்கும் எரர் பாலிசின்னு ஒண்ணு இருக்கு, அது ஸ்டாப் பிரிண்டர்னு இருந்தா, பிரிண்டர் கேபிள் ஒரு தடவை அவிழ்ந்தாலோ பிரிண்டர் ஆஃப் ஆயிருந்தாலோ கப்ஸ் அந்த பிரிண்டரையே நிறுத்தி வச்சிடும், நீங்க கேபிளைத் திரும்ப சொருகினாலும் தானா எழுந்துக்காது. வேலையெல்லாம் க்யூவுல வரிசையா நிக்கும். நிறைய பேர் இந்த இடத்துல சர்வரையே ஆஃப் பண்ணி ஆன் பண்றாங்க, அதுக்குத் தேவையே இல்ல. எல்பிஸ்டாட் மைனஸ் பி அடிச்சா எந்த பிரிண்டர் நிறுத்தப்பட்டிருக்குன்னு தெரியும், கப்ஸ்எனேபிள்னு அடிச்சு பக்கத்துல பிரிண்டர் பேரைப் போட்டா எழுந்துக்கும், க்யூவுல நின்னதெல்லாம் ஓட ஆரம்பிக்கும். மெனு முதல்ல நிலைமையைப் பார்க்கும், நிறுத்தப்பட்டிருந்தா எனேபிள் பண்ணலாமான்னு கேக்கும், இல்லேன்னா க்யூவுல என்னென்ன நிக்குதுன்னு காட்டும். கெட்டுப் போன ஒரு பிடிஎஃப் மொத்த க்யூவையும் மறிச்சுக்கிட்டு நிக்கிறதும் உண்டு, அப்ப அந்த ஒரு வேலையை மட்டும் தேர்ந்தெடுத்து கேன்சல் பண்ற மாதிரி உள்ள இன்னொரு லிஸ்ட் வச்சேன். எல்லாத்தையும் கேன்சல் பண்ற வரியை வேணும்னே வைக்கல, ஏன்னா ராத்திரி நாலு பேரோட ப்ரூஃப் க்யூவுல நிக்கும், ஒருத்தர் அவசரத்துக்கு மத்தவங்க வேலை போயிடக்கூடாது.

இப்ப தலைப்புல சொன்ன விஷயத்துக்கு வரேன். ஐபிஎம்மோட ஏஐஎக்ஸ்ங்கிற யூனிக்ஸ்ல ஸ்மிட்னு ஒரு மெனு உண்டு, டெக்ஸ்ட்ல ஓடுறதுக்கு ஸ்மிட்டின்னு பேரு. யூசர் சேர்க்கிறது, டிஸ்க் பெருசாக்குறது, பிரிண்டர் போடுறது எல்லாமே அதுல பண்ணலாம். அதுல ரொம்ப அருமையான விஷயம் எஃப்6. நீங்க ஃபார்ம் எல்லாம் நிரப்பிட்டு எஃப்6 தட்டினா, இப்ப ஓடப்போற முழு கமாண்டும் அப்படியே ஸ்கிரீன்ல வரும். அது போக, நீங்க செஞ்ச ஒவ்வொண்ணையும் ஸ்மிட் டாட் ஸ்கிரிப்ட்ங்கிற ஃபைல்ல கமாண்டாவே எழுதி வைக்கும், நாளைக்கு அதையே நாலு மெஷின்ல ஓட்டணும்னா அந்த ஃபைலை எடுத்து ஓட்டிக்கலாம். ஏஐஎக்ஸ் ஆளுங்க நிறைய பேர் கமாண்ட் கத்துக்கிட்டதே இந்த எஃப்6 தட்டித்தான். மெனுன்னா இப்படித்தான் இருக்கணும்னு நான் நம்புறேன். பட்டனை அழுத்து, உள்ள என்ன நடக்குதுன்னு உனக்கெதுக்குன்னு சொல்ற மெனு அந்த ஆளை என்னைக்கும் வெளியவே நிறுத்தி வச்சிடுது.

அதனால என் மெனுவுல எந்த வரியைத் தேர்ந்தெடுத்தாலும், வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன பெட்டி வரும். மேல் வரியில, நிறுத்தி வச்சிருக்கிற பிரிண்டரைத் திரும்ப ஓட விடுறோம்னு ஒரு விளக்கம். கீழ் வரியில ஓடப்போற கமாண்ட், பிரிண்டர் பேரோட, முழுசா. அதுக்குக் கீழ ஓகே, கேன்சல். அவ்வளவுதான். ஸ்கிரிப்ட்ல இதுக்குன்னு ஒரே ஒரு ஃபங்ஷன், விளக்கமும் கமாண்டும் அதுக்குள்ள போகும், அது காட்டும், கேக்கும், ஓட்டும். காட்டுற கமாண்டும் ஓடுற கமாண்டும் ஒரே இடத்துல இருந்து வரணும்ங்கிறது முக்கியம், காட்டுறதைத் தனியா ஓடுறதைத் தனியா எழுதினா நாளைக்கு ஒண்ணை மாத்தி இன்னொண்ணை விட்டுடுவோம், அப்புறம் பெட்டி பொய் சொல்ல ஆரம்பிச்சிடும். இதனால என்ன ஆச்சுன்னா, அந்த அண்ணன் கொஞ்ச நாள்ல போன்லயே "தம்பி, எல்பிஸ்டாட்ல பார்த்தேன், ப்ரூஃப் பிரிண்டர் டிசேபிள்னு காட்டுது"ன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. யாரும் அவருக்கு கிளாஸ் எடுக்கல. தினமும் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்துச்சு, பழகிடுச்சு. எனக்கு அது ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

டூல் விஷயம். டெபியன், உபுண்டுல விப்டெயில்னு பெட்டி வரையற டூல் பெரும்பாலும் இன்ஸ்டால் பண்றப்பவே கூட வந்துடும். ராஸ்பெர்ரி பை வச்சிருக்கிறவங்க ராஸ்பி கான்ஃபிக்னு அடிச்சா நீலப் பின்னணியில ஒரு சாம்பல் பெட்டி வருமே, அது விப்டெயில்தான். ரெட்ஹாட் ஆளுங்க தங்களோட இன்ஸ்டாலருக்காக எழுதின நியூட் லைப்ரரியில இருந்து வந்தது. இன்னொண்ணு டயலாக், அது விப்டெயிலுக்கும் முன்னாடியே இருக்கு, சேவியோ லாம் ஆரம்பிச்சது, டெர்மினல்ல வரையற என்கர்சஸ் லைப்ரரியை இப்ப பார்த்துக்கிற தாமஸ் டிக்கியே அதையும் பார்த்துக்கிறாரு. லினக்ஸ் கெர்னல் கம்பைல் பண்றப்ப வர்ற மெனுகான்ஃபிக் அந்த டயலாக் வம்சம்தான். டயலாக்ல வசதி ஜாஸ்தி, காலண்டர், ஃபைல் தேர்ந்தெடுக்கிறது, கலர் மாத்துறது எல்லாம் உண்டு. நான் விப்டெயில் எடுத்தேன், காரணம் ஒண்ணே ஒண்ணு, பெரும்பாலான டெபியன் சர்வர்ல தனியா எதுவும் போடாம ஓடும். ரெண்டுக்கும் எழுதுற முறை பெரும்பாலும் ஒண்ணுதான், பின்னாடி மாறணும்னா பெரிய வேலை இருக்காது.

புதுசா எழுதுறவங்க எல்லாரும் முதல்ல முட்டிக்கிற இடம், தேர்ந்தெடுத்த பதில் எங்க வருதுங்கிறது. ரெண்டு டூலுமே பெட்டியை ஸ்டாண்டர்ட் அவுட்புட்ல வரையும், பதிலை ஸ்டாண்டர்ட் எரர்ல எழுதும். நாம வழக்கம் போல டாலர் போட்டு பிராக்கெட்டுக்குள்ள எழுதி ஒரு வேரியபிள்ல பிடிச்சா, பெட்டியே வேரியபிளுக்குள்ள போயிடும், ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தான் கமாண்டுக்குக் கடைசியில 3>&1 1>&2 2>&3 போடுறது. மூணாவதா ஒரு வழியை எடுத்து, ஒண்ணையும் ரெண்டையும் இடம் மாத்துறோம். வரையறது எரர் வழியா ஸ்கிரீனுக்குப் போகும், பதில் அவுட்புட் வழியா வேரியபிளுக்கு வரும். டயலாக்ல ஸ்டாண்டர்ட் அவுட்டுக்கு அனுப்புன்னு நேரா ஒரு ஆப்ஷனே இருக்கு, விப்டெயில்ல அது கிடையாது.

அடுத்தது எக்ஸிட் கோட். ஓகே தட்டினா 0, கேன்சல் தட்டினா 1, எஸ்கேப் தட்டினா 255. இது மூணையும் தனித்தனியா பார்க்கணும், பதில் காலியா இருக்கான்னு மட்டும் பார்த்தா போதாது. ஸ்கிரிப்ட்டோட மேல, எரர் வந்தா உடனே நிறுத்துன்னு செட் மைனஸ் ஈ போடுற பழக்கம் உள்ளவங்க இங்க ஜாக்கிரதை, யாராவது கேன்சல் தட்டினா 1 வரும், அதை எரர்னு எடுத்துக்கிட்டு மொத்த ஸ்கிரிப்ட்டும் சத்தமில்லாம செத்துடும். பின்னாடி || போட்டு கையாண்டுக்கணும். இன்னொரு சின்ன விஷயம், பெட்டிக்குள்ள காட்டுற எழுத்து மைனஸ்ல ஆரம்பிச்சா விப்டெயில் அதை ஆப்ஷன்னு நினைச்சு சண்டைக்கு வரும், ஃபைல் பேரையெல்லாம் லிஸ்ட்ல காட்டுறப்ப இது நடக்கும், முன்னாடி -- போட்டுட்டா தீர்ந்துச்சு.

பெட்டியோட அளவு. டெர்மினலோட பழைய கணக்கு 24 வரி, 80 எழுத்து, 1978ல வந்த விடி100 காலத்துல இருந்து வர்றது. அதுக்குள்ள அடங்குற மாதிரி பண்ணிட்டா எங்கயும் ஒழுங்கா வரும். போன்ல பார்க்கிறதா இருந்தா டிபுட் கமாண்ட் வச்சு அப்பப்ப எத்தனை வரி, எத்தனை எழுத்துன்னு கேட்டு அதுக்கேத்த மாதிரி வரைய வைக்கலாம். டயலாக்ல 0 குடுத்தா அதுவே கணக்குப் போட்டுக்கும். வரிகளுக்கு முன்னாடி 1, 2, 3னு போடுறவங்க ஒன்பதோட நிறுத்திக்கிறது நல்லது, டயலாக்ல முதல் எழுத்தை அடிச்சா நேரா அந்த வரிக்குத் தாவும், பத்து வந்துட்டா ஒண்ணு அடிக்கிறப்ப எந்த ஒண்ணுன்னு அலையணும். அதை விட முக்கியம், ஒன்பது வரிக்கு மேல போனாலே அது தேடுற லிஸ்ட் ஆயிடுது, கண் ஓட்டத்துல பிடிபடாது.

மெனு கட்டி அவர் கையில குடுத்தப்ப பக்கத்துல நின்னு பார்த்தேன். அதுல தெரிஞ்சது எந்த மேன் பேஜ்லயும் இல்ல. கமாண்ட் ஓடி முடிஞ்சதும் மெனு உடனே திரும்ப வரையப்படும், கமாண்ட் என்ன சொல்லுச்சுன்னு படிக்கவே நேரம் இருக்காது, அதனால ஒவ்வொண்ணு முடிஞ்சதும் பார்த்துட்டு என்டர் தட்டுங்கன்னு நிறுத்தணும். அது எல்லாரும் சொல்றதுதான். நான் எதிர்பார்க்காதது, சாம்பா ரீஸ்டார்ட் ஆக ரெண்டு மூணு செகண்ட் எடுத்தா அந்த நேரத்துல அவர் என்டரை நாலஞ்சு தடவை தட்டுறாரு. ஸ்கிரீன்ல ஒண்ணும் நடக்கலேன்னா எல்லாரும் அப்படித்தான். அந்த என்டர் எல்லாம் எங்கயும் போகல, கீபோர்ட் பஃபர்ல காத்துக்கிட்டு இருக்கு, மெனு திரும்ப வந்ததும் ஒண்ணொண்ணா அதுமேல விழுது, நாம கேக்காத வேலை நடக்குது. இதுக்கு ரெண்டு விஷயம் பண்ணினேன். ஒண்ணு, மெனுவைத் திரும்ப வரையறதுக்கு முன்னாடி, காத்திருக்கிற கீ எல்லாத்தையும் ரீட் கமாண்டை ரொம்பச் சின்ன டைம் அவுட்டோட சுத்த விட்டு விழுங்கிட வச்சேன். ரெண்டாவது, மெனுவோட முதல் வரி எப்பவும் பார்க்கிறதுக்கு மட்டுமான வரி, எல்லாம் நல்லா ஓடுதான்னு காட்டும், எதையும் மாத்தாது. கர்சர் வந்து நிக்கிறது முதல் வரியிலதான், கை தவறி என்டர் விழுந்தாலும் கெட்டுப் போறதுக்கு ஒண்ணுமில்ல. இந்த ரெண்டாவது விஷயத்தை நான் இப்ப யாருக்கு மெனு கட்டிக் குடுத்தாலும் விடுறதில்ல.

அதே மாதிரி கண்ட்ரோல் சி. லாக் ஓடுறதைப் பார்க்க ஜேர்னல்சிடிஎல்லை ஃபாலோ பண்ற மாதிரி ஒரு வரி உண்டு, அதை நிறுத்த கண்ட்ரோல் சி தட்டணும். தட்டினா லாக் மட்டும் நிக்காது, மெனு ஸ்கிரிப்ட்டும் சேர்ந்து போயிடும், ஏன்னா ரெண்டும் ஒரே ப்ராசஸ் குரூப்ல இருக்கு, சிக்னல் ரெண்டுக்கும் போகுது. இதுக்கு, சிக்னல் வந்தா என்ன செய்யணும்னு சொல்ற ட்ராப் போடணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா எப்படிப் போடுறோம்ங்கிறதுல விஷயம் இருக்கு. வெறும் '' போட்டு இன்ட் சிக்னலை ட்ராப் பண்ணினா, மெனு அந்த சிக்னலைக் கண்டுக்காது, சரி, ஆனா அந்தக் கண்டுக்காத குணம் உள்ள ஓடுற கமாண்டுக்கும் அப்படியே போயிடும், அப்ப லாகையும் நிறுத்த முடியாது, மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடும். அதுக்குப் பதிலா ':' போட்டா, மெனுவுக்கு ஒண்ணும் செய்யாத ஒரு வேலை குடுத்திருக்கோம்னு அர்த்தம், உள்ள ஓடுற கமாண்டுக்கு சிக்னல் பழைய நிலைமைக்குத் திரும்பிடும், அது ஒழுங்கா சாகும், மெனு உயிரோட இருக்கும். ஒரு முக்காற்புள்ளி வித்தியாசம்தான், ஆனா அதுல எவ்வளவு இருக்கு பாருங்க. கண்ட்ரோல் இசட்டுக்கு மட்டும் '' போட்டு முழுசா அடைச்சிட்டேன், அது இந்த இடத்துல யாருக்கும் தேவையில்ல.

பேக்கப் வரி பத்தி சொல்லணும். மெனுவுல இருந்து, ஃபைலைக் காப்பி பண்ற ஆர்சிங்கை நேரா ஓட்டினா, எஸ்எஸ்ஹெச் லைன் கட்டாகிறப்ப அதுவும் பாதியில கட்டாகும். நான் அதை சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸை எல்லாம் ஓட்டுறது) சர்வீஸா எழுதி வச்சு, மெனு அதை ஸ்டார்ட் மட்டும் பண்ணும், காத்திருக்காம உடனே திரும்பிடும், அடுத்த வரியில அதோட நிலைமையைப் பார்த்துக்கலாம். லைன் போனாலும் பேக்கப் ஓடும். இன்னொரு லாபம், ரெண்டு பேர் ஒரே நேரத்துல அழுத்தினாலும் ரெண்டு தடவை ஓடாது, ஏற்கனவே ஓடிட்டிருக்கிற சர்வீஸைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினா சிஸ்டம்டி புதுசா ஒண்ணைக் கிளப்பாது.

இனி ரூட் பர்மிஷன், இது சும்மா தாண்டிப் போற விஷயம் இல்ல. மெனு மொத்தத்தையும் சுடோவுல, அதாவது ரூட்ங்கிற முழு அதிகாரத்தோட, ஓட்டாதீங்க. ரூட் தேவைப்படுற வேலை ஒவ்வொண்ணையும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டா எழுதி, அதை ரூட்டுக்குச் சொந்தமாக்கி, மத்தவங்க யாரும் திருத்த முடியாதபடி வச்சு, சுடோ அனுமதி எழுதி வைக்கிற சுடோயர்ஸ் ஃபைல்ல அந்த ஸ்கிரிப்ட்டோட முழுப் பாதையை மட்டும் பாஸ்வேர்ட் இல்லாம அனுமதிக்கணும். நட்சத்திரக் குறியெல்லாம் போட்டுத் திறந்து விடாதீங்க. அந்த ஃபைலை வைசுடோ கமாண்ட் வச்சுத்தான் திருத்தணும், எழுத்துப் பிழை இருந்தா சேவ் பண்றதுக்கு முன்னாடியே சொல்லிடும். சுடோயர்ஸ் டாட் டி ஃபோல்டர்ல தனி ஃபைலா வைக்கிறவங்க ஃபைல் பேர்ல புள்ளி வைக்கக்கூடாது, வச்சா சுடோ அதை சத்தமில்லாம விட்டுட்டுப் போயிடும், ஏன் வேலை செய்யலேன்னு தலையைப் பிச்சுக்கணும்.

அனுமதி குடுத்த கமாண்ட் உள்ள இருந்து எங்க கதவு திறக்குதுன்னும் பார்க்கணும். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் சாதாரணமா லெஸ்ல (பக்கம் பக்கமா காட்டுற பேஜர்) திறக்கும். லெஸ்ஸுக்குள்ள இருந்து ! அடிச்சா ஷெல் வரும். பழைய சிஸ்டம்டியில (247க்கு முந்தினது) அந்த சிஸ்டம்சிடிஎல்லை சுடோவுல ஓட்டியிருந்தா வர்றது ரூட் ஷெல், புதுசுல சிஸ்டம்டியே இதைத் தடுக்கப் பார்க்கும். இது ரகசியமே இல்ல, செக்யூரிட்டி ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வழி. அதனால பேஜர் வேணாம்னு ஆப்ஷன் குடுத்து ஓட்டணும், இல்ல லெஸ் தேவைதான்னா ஸ்கிரிப்ட்டுக்குள்ளயே லெஸ்செக்யூர் வேரியபிளை 1னு வைக்கணும், அப்ப ஷெல்லும் எடிட்டரும் திறக்காது. வெளிய வச்சு உள்ள அனுப்பலாம்னு பார்த்தா சுடோ வழியில துடைச்சிடும், அதான் உள்ளயே வைக்கச் சொல்றேன்.

லாகின் ஆனதும் மெனு வரணும்னா அவரோட யூசருக்கு டாட் ப்ரொஃபைல்ல கடைசி வரியா எக்ஸெக் போட்டு மெனுவைக் கூப்பிட்டா போதும், மெனுவை விட்டு வெளிய வந்தா லாகினும் முடிஞ்சிடும். பாஷ்ஆர்சில போடாதீங்க, எஸ்சிபி, ஆர்சிங் எல்லாம் உள்ள வர்றப்ப அதுவும் ஓடும் வாய்ப்பு இருக்கு, மெனு பெட்டியைப் பார்த்து அதுங்க குழம்பி நின்னுடும். வெளியில இருந்து எஸ்எஸ்ஹெச்ல வர்றவர் மெனுவைத் தவிர வேற எதையும் தொடக்கூடாதுன்னா எஸ்எஸ்ஹெச் சர்வர் கான்ஃபிக்லயே மேட்ச் யூசர் போட்டு ஃபோர்ஸ்கமாண்ட் வைக்கிறதுதான் உறுதியான வழி.

மெனுவைத் தமிழ்ல வைக்க ரொம்ப ஆசைப்பட்டேன். சர்வரோட சொருகின மானிட்டர்ல முடியாது, லினக்ஸோட அந்த நேரடி கன்சோல்ல ஒரு ஃபாண்ட்டுக்கு 512 வடிவம்தான் வைக்க முடியும், அதோட எழுத்துகளைச் சேர்த்து வரையற வேலையெல்லாம் அதுக்குத் தெரியாது, கொம்பும் காலும் தனித்தனியா நிக்கும். கிராஃபிக்ஸ் டெர்மினல்ல எழுத்து வருது, ஆனா எத்தனை கட்டம்னு டெர்மினல் ஒரு கணக்கும் விப்டெயில் ஒரு கணக்கும் போடுறதால பெட்டியோட வலது ஓரம் கோணலாகுது. கடைசியில தமிழையே இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ணி வச்சேன், வாட்ஸ்அப்ல அவர் அடிக்கிற அதே ஸ்பெல்லிங்ல. அவருக்கு அது சுலபமா இருக்கு. ஆனாலும் டெர்மினல்ல தமிழ் ஒழுங்கா வர்ற நாள் வரணும்னு மனசார நினைக்கிறேன், அந்த வேலையில இருக்கிறவங்களுக்கு நம்மாலான உதவியைச் செய்யணும்.

புட்டிங்கிற எஸ்எஸ்ஹெச் ஆப் வச்சு உள்ள வர்றவங்களுக்குப் பெட்டியோட கோடு எல்லாம் கேள்விக்குறியாவோ கிறுக்கலாவோ வந்தா, செட்டிங்ஸ்ல டிரான்ஸ்லேஷன்ல யூடிஎஃப்-8 இருக்கான்னு பாருங்க, சர்வர் பக்கம் மொழி அமைப்பான லோகேலும் யூடிஎஃப்-8தானான்னு பாருங்க. பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணுதான்.

எனக்குன்னு நான் வச்சிருக்கிறது வேற மாதிரி. எனக்கு ஒன்பது வரி பத்தாது, வருஷக்கணக்குல சேர்ந்த கமாண்ட் எக்கச்சக்கம் இருக்கு, அதுக்கு எஃப்இசட்எஃப்னு லிஸ்ட்ல தேடுற டூல். ஜுனெகுன் சோய் 2013ல எழுதினது, முதல்ல ரூபியில இருந்து அப்புறம் கோ மொழிக்கு மாறுச்சு. ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல ஒரு வரிக்கு ஒண்ணா, முதல்ல விளக்கம், ஒரு டேப், அப்புறம் கமாண்ட். லிஸ்ட்ல விளக்கம் மட்டும் தெரியும், பக்கத்துல ப்ரிவ்யூ ஜன்னல்ல கமாண்ட் தெரியும், ரெண்டு மூணு எழுத்து அடிச்சா சுருங்கி வந்துடும். தேர்ந்தெடுத்ததும் ஓட்டாம, கமாண்ட் லைன்ல கொண்டு வந்து வைக்கிற மாதிரி அமைச்சிருக்கேன், எஃப்இசட்எஃப்போட கண்ட்ரோல் ஆர் ஹிஸ்டரியும் அப்படித்தான் செய்யும். பார்த்து, தேவைப்பட்டா திருத்தி, அப்புறம் நானே என்டர் தட்டுறேன். ஃபைல் சம்பந்தப்பட்ட வேலைக்கு மிட்நைட் கமாண்டர்ங்கிற ஃபைல் மேனேஜர், 1994ல மிகேல் டி இகாசா ஆரம்பிச்சது. அதுல எஃப்2 தட்டினா வர்ற யூசர் மெனுவை நாமளே எழுதிக்கலாம். கர்சர் நிக்கிற ஃபைலுக்கு %f, டிக் பண்ணின எல்லாத்துக்கும் %t, கர்சர் பிடிஎஃப் மேல நின்னா மட்டும் இந்த வரியைக் காட்டுன்னு கண்டிஷன் கூட வைக்கலாம். டிசைன் பசங்கள்ல ஒரு தங்கச்சி இதைப் பார்த்துட்டு "அண்ணா, எனக்கும் இதே மாதிரி போட்டுக் குடுங்க"ன்னு கேட்டு வாங்கிக்கிச்சு.

ஒண்ணுமே இன்ஸ்டால் பண்ண முடியாத இடத்துல பாஷ் ஷெல்லோட செலக்ட் இருக்கு, கார்ன் ஷெல்ல இருந்து வந்தது. நம்பர் போட்டு லிஸ்ட் காட்டும், பிஎஸ்3ல கேள்வியை எழுதி வைக்கணும், நம்பர் அடிச்சா வேலை நடக்கும், அழகு கிடையாது ஆனா நம்பலாம். ஸ்கிரிப்ட்டோட முதல் வரியில பாஷ்னு தெளிவா போடுங்க, வெறும் எஸ்ஹெச்னு போட்டா டெபியன், உபுண்டுல அது டேஷ், டேஷுக்கு செலக்ட் தெரியாது.

மெனுவுல யார் எதைத் தேர்ந்தெடுத்தாலும் லாகர் கமாண்ட் வச்சு சிஸ்டம் லாக்ல ஒரு வரி எழுதி வைக்கிறேன், ஆளைக் கண்காணிக்க இல்ல, எந்த வரியை யாரும் தொடுறதில்ல, எந்த வரியைத் திரும்பத் திரும்பத் தொடுறாங்கன்னு தெரியணும். ப்ரூஃப் பிரிண்டர் எனேபிள் வரி அடிக்கடி வந்துச்சு, போய்ப் பார்த்தா கேபிளே லூஸ், கேபிளை மாத்தினோம், அதோட எரர் பாலிசியையும் நிறுத்துறதுக்குப் பதிலா திரும்ப முயற்சி பண்றதுக்கு மாத்தி வச்சேன், அந்த வரிக்கு இப்ப வேலை குறைஞ்சிடுச்சு. யாருமே தொடாத ஒரு நெட்வொர்க் டெஸ்ட் வரியை எடுத்துட்டேன்.

பேக்கப்ல இருந்து ஃபைலைத் திரும்ப எடுக்கிற வரி வேணும்னு பிரஸ் முதலாளி கேட்டாங்க. அதுல பாதியை மட்டும் வச்சிருக்கேன். பேக்கப்ல என்னென்ன தேதி ஃபைல் இருக்குன்னு மெனு காட்டும், தேர்ந்தெடுத்தா தனியா ஒரு ஃபோல்டர்ல காப்பி பண்ணி வைக்கும், நடப்பு ஃபைல் மேல எழுதாது. கேக்குற பெட்டியில கர்சர் முதல்லயே நோ மேல நிக்கும், அதுக்கு டிஃபால்ட் நோன்னு ஆப்ஷன் இருக்கு. பழைய ஃபைலை புதுசு மேல போடுற வேலை மட்டும் மெனுவுல கிடையாது, அதுக்கு எனக்கு போன் பண்ணணும்னு அந்தப் பெட்டியிலயே எழுதி வச்சிருக்கேன், ராத்திரி எந்த நேரமா இருந்தாலும் பரவாயில்லைன்னும் சேர்த்து.